தாமஸ் பள்ளியின் கான்டர் பாக்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் லைப்சிக் நகரில் வகித்த பதவி இசையமைப்பாளர் பதவியா, ஆசிரியர் வேலையா?

பதில்: 1723 முதல் 1750இல் இறக்கும் வரை அவர் தாமஸ் பள்ளியின் கான்டர், அதாவது விடுதி மாணவர்களுக்குப் பாட்டுக் கற்பித்து, அவர்களையே நான்கு குழுக்களாகப் பிரித்து நகரத் தேவாலயங்களுக்கு அனுப்பக் கடமைப்பட்ட நகரசபை ஊழியர். லத்தீன் பாடமும் அவர் தலையில்தான் விழுந்தது. ஆண்டுக்கு 50 தாலர் (அக்கால ஜெர்மானிய வெள்ளி நாணயம்) கொடுத்து அதைச் சக ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

கேள்வி: 50 தாலர் இன்றைய ரூபாயில் எவ்வளவு?

பதில்: பழைய நாணயத்தை ரூபாயாக மாற்றிப் பார்க்காதீர்கள், எந்தக் கணக்கும் ஏமாற்றும். தம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 700 தாலர் என்று அவரே எழுதியிருக்கிறார், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊரில் சாவு குறைந்ததற்கு வருந்தினாராமே?

பதில்: உண்மைதான். 1730இல் நண்பர் எர்ட்மனுக்கு எழுதிய கடிதத்தில், நல்ல காற்று வீசிய முந்தைய ஆண்டில் அடக்கச் சடங்குகளில் தமக்குக் கிடைக்கும் கட்டணம் நூறு தாலருக்கு மேல் குறைந்துபோனதாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்.

கேள்வி: அவருடைய குழுவில் எத்தனை பேர் பாடினார்கள்? நாற்பது பேர் பாடும் இசைத்தட்டுதான் என்னிடம் இருக்கிறது.

பதில்: அத்தனை பேருக்கு அவர் எங்கே போவார்? 1730 ஆகஸ்டில் நகரசபைக்கு அளித்த மனுவில் மாணவர்களை எண்ணிக் காட்டுகிறார்: 17 பேர் பயன்படுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் எதற்கும் உதவாதவர்கள். குழுவுக்குக் குறைந்தது 12 பேர், கிடைத்தால் 16 பேர் வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

கேள்வி: ஆக, சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு குரல்களில் குரலுக்கு மூவர் என்று ஆகிறது. அப்படியிருக்க, குரலுக்கு ஒருவரே போதும் என்று 1981இல் இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் வாதிட்டது அபத்தம்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள். 12 என்பது பட்டியலில் இருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கையா, ஒரே நேரத்தில் பாடியவர்களின் எண்ணிக்கையா என்பதே வழக்கு. யாருக்கேனும் உடல்நலம் கெட்டாலும் இரட்டைக் குழு மோட்டெட்டையாவது (இரு குழுக்கள் சேர்ந்து பாடும் தேவாலயக் கூட்டுப்பாடல்) பாட முடிய வேண்டும் என்று அதே மனு காரணம் சொல்கிறது. இரட்டைக் குழுவுக்குக் குரல் எட்டு. பன்னிருவரில் ஓரிருவர் படுத்துவிட்டால், மிஞ்சுகிறவர்களைக் கொண்டு குரலுக்கு இருவரைக்கூட நிறுத்த முடியாது. தவிர, கன்டாட்டாக்களுக்கு (வாத்தியங்களோடு தேவாலயத்தில் பாடும் பல பகுதிப் படைப்புகள்) எஞ்சியுள்ள பாடகர் தாள்களில் பெரும்பாலும் குரலுக்கு ஒரே பிரதிதான் இருக்கிறது.

கேள்வி: (முன்பு கேட்டவரே) ஒரு தாளை மூவர் பகிர்ந்து பாடியிருக்கலாமே?

பதில்: பகிர்ந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாள்களில் தனிப்பாடல்களும் சேர்த்தே எழுதப்பட்டுள்ளன. இந்த இடத்தில் மற்றவர்கள் வாய்மூடி நிற்க வேண்டும் என்ற குறிப்பு எதுவும் இல்லை. கூடுதல் பாடகர்கள் வேண்டியபோது அவர்களுக்கென்று தனித்தாள் எழுதினார்: 1724 பெரிய வெள்ளியன்று நிக்கோலாஸ் தேவாலயத்தில் அரங்கேறிய ‘யோவான் பாடுகள்’ என்ற படைப்புக்கு (யோவான் நற்செய்தி சொல்லும் இயேசுவின் துன்பங்களைப் பாடுவது) அப்படி நான்கு தாள்கள் இருக்கின்றன. தனிப்பாடலும் பாடும் நால்வர், கூடுதல் நால்வர், ஆக எட்டு. நான் ரிஃப்கின் பக்கம் சாய்வதற்கு அந்த நான்கு தாள்களே காரணம்.

கேள்வி: 700 தாலர் இன்றைய ரூபாயில்?

பதில்: மேலே இரண்டாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கான்டர் பதவிக்குப் பாக் மூன்றாவது தேர்வு என்கிறார்களே?

பதில்: ஆம். முதலில் அழைக்கப்பட்ட இசையமைப்பாளர் டெலிமன் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டார். அடுத்த இசையமைப்பாளர் கிரவுப்னரை, அவர் வேலை பார்த்த டார்ம்ஸ்டாட் பிரபு விடுவிக்கவில்லை.

கேள்வி: (ரிஃப்கின் குறித்துக் கேட்டவர்) எட்டுப் பேரின் குரல் அவ்வளவு பெரிய தேவாலயத்தில் எடுபடுமா?

பதில்: பாடகர்கள் நின்றது கீழே அல்ல, மேல்மாடத்தில், ஆர்கனுக்குப் பக்கத்தில். அந்த நாற்பது பேர் இசைத்தட்டை ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, எண்மர் பாடிய பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள், பிறகு தொடர்வோம்.