30 ஸ்மார்ட் வாட்ச் வாங்கும் முன்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "முதலாம் ஆண்டுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். துறைக்குக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. 30 ஸ்மார்ட் வாட்ச் வாங்கி மாணவர்கள் கையில் கட்டிவிட்டால், வகுப்பில் யார் கவனிக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று இதயத் துடிப்பை வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்கிறார் துறைத் தலைவர். இது சரிப்படுமா?"

வாட்ச் சரிப்படும், கவனத்தை அளப்பது சரிப்படாது. மாடிப்படி ஏறி வந்தாலும் துடிப்பு கூடும், காபி குடித்தாலும் கூடும், வீட்டுக் கவலை இருந்தாலும் கூடும். பாடத்தில் அப்படியே மூழ்கிப் போன பிள்ளையின் துடிப்பு அமைதியாகவே இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து யாருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

உங்கள் பாடத்துக்கு வாட்சின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அது தப்பாகக் காட்டும் நேரம்தான் நல்ல வகுப்பு. மணிக்கட்டில் பச்சை வெளிச்சத்தை அடித்து, திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்று பார்த்துத்தான் அது துடிப்பைக் கணக்குப் போடுகிறது. ரத்தம் கூடுதலாகப் பாயும் கணத்தில் வெளிச்சம் குறைவாகத் திரும்பும், அவ்வளவுதான் சூட்சுமம். பட்டை தளர்ந்தால், கை ஆடினால், பச்சை குத்தியிருந்தால் கணக்கு குழம்பும். ஓடும்போது சில சமயம் காலடி வேகத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 160 அடி வைத்தால் துடிப்பும் 160 என்று காட்டிவிடும். தோலின் கருமையும் வெளிச்சத்தை உறிஞ்சும். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் டர்பன் வகுப்பில் இதைப் பேசாமல் விடக் கூடாது. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் மருத்துவமனைக் கருவியே, வெள்ளையின நோயாளிகளைவிடக் கருப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டது என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

ஆகவே முதலில் 3 வாட்ச், அதோடு 3 மார்புப் பட்டை வாங்குங்கள். மார்புப் பட்டை இதயத்தின் மின்சாரத்தையே நேராகப் பிடிப்பதால் துல்லியம் அதிகம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஒரே மாணவர் இரண்டையும் மாட்டிக்கொண்டு உட்காரட்டும், நடக்கட்டும், சைக்கிள் மிதிக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் விரலை வைத்து நாடி பார்க்கட்டும். மூன்று எண்ணும் எங்கே பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு பருவத்துக்கு இதுவே தாங்கும்.

அப்புறம் சட்டம். தென்னாப்பிரிக்காவில் பொப்பியா (POPIA) என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. உடல்நிலைத் தகவலும் உடல் அடையாளத் தகவலும் அதில் சிறப்புப் பாதுகாப்பு பெற்றவை. சம்மதம் என்றால் வற்புறுத்தல் இல்லாமல், எதற்கு என்று தெரிந்து கொடுப்பது. மதிப்பெண் போடுகிறவரே கேட்டால் மாணவர் எப்படி மறுப்பார்? அதனால் வாட்ச் கட்டாத மாணவருக்கும் அதே மதிப்பெண் கிடைக்கும் இன்னொரு பயிற்சி தயாராக இருக்கட்டும். வாட்ச் கணக்கை மாணவர் பெயரில் தொடங்காமல் 'கருவி 1', 'கருவி 2' என்று துறையின் மின்னஞ்சலில் தொடங்குங்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஓரல் ராபர்ட்ஸ் பல்கலைக்கழகம் புது மாணவர்களை அடி எண்ணும் ஃபிட்பிட் கைப்பட்டையைக் கட்ட வைத்து, நடக்கும் அடிகளை மதிப்பெண்ணோடு சேர்த்தது 2016இல் பெரிய சர்ச்சையானது. உங்கள் துறைத் தலைவர் இன்னும் பிடிவாதமாக இருந்தால், அடுத்த துறைக் கூட்டத்தில் தன் துடிப்பை எல்லோருக்கும் தெரியும்படி திரையில் போடச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்மார்ட் கண்ணாடி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். கூகுள் தன் கண்ணாடி விற்பனையை 2023இல் நிறுத்தியது, மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பு 2024இல் நின்றது. வாங்கிய துறைகளிடம் விலை உயர்ந்த பொருள் அலமாரியில் இருக்கிறது.

வாட்சை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். மினிபஸ் டாக்சியில் போகிற பிள்ளை கையில் அது பளபளத்தால் ஆபத்து பிள்ளைக்குத்தான். ஆய்வகத்திலேயே பூட்டி வையுங்கள், முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங் திரும்பி வந்தாலும் வகுப்பு நிற்காதபடி முந்தின நாளே சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள்.