ஸ்பாசம் என்றால் வலிப்பா?

கேள்வி: ஆறு வயது மகனுக்கு முட்டு இழுத்ததால் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். துண்டில் ‘புரொங்கோஸ்பாசம்’ என்று எழுதியிருக்கிறது. ஸ்பாசம் என்றால் வலிப்பு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மகனுக்கு வலிப்பு நோயா?
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை, சகோதரி. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். வலிப்பு மூளையில் தொடங்குவது. உங்கள் மகனுக்கு நடந்தது நெஞ்சுக்குள்.

‘புரொங்கோ’ மூச்சுக்குழாயைக் குறிக்கும். ‘ஸ்பாசம்’ கிரேக்கச் சொல். இழுத்துப் பிடிப்பது என்று பொருள். நம் ஊரில் ‘இழுப்பு’ என்கிறோமே, அதே கருத்துத்தான். சிறிய மூச்சுக்குழாய்களைச் சுற்றி மெல்லிய தசை உண்டு. அது இறுகினால் குழாய் ஒடுங்கும். விட்டம் பாதியானால் காற்றுக்குள்ள தடை ஏறத்தாழ 16 மடங்காகிவிடும். பிள்ளைகளின் குழாய் ஏற்கெனவே சிறியது. அதனால்தான் அவர்கள் இப்படித் தவிக்கிறார்கள். மூச்சை வெளியே விடும்போது கேட்கும் விசில் சத்தம் அந்த ஒடுக்கத்தால் வருவது.

இன்னொன்று: இது நோயின் பெயரன்று, அன்றைக்கு நடந்ததன் பெயர். காய்ச்சல் டெங்குவிலும் வரும், தொண்டைப்புண்ணிலும் வரும் அல்லவா? அதுபோல இந்தச் சுருக்கம் தொய்வு என்னும் ஆஸ்துமாவிலும் வரும், வைரஸ் சளியோடும் வரும். ஒருமுறை வந்ததைக் கொண்டு ஆஸ்துமா என்று முடிவு கட்ட முடியாது. முட்டு திரும்பத் திரும்ப வருகிறதா, இரவில் இருமி எழும்புகிறானா, ஓடினால் இழுக்கிறதா, சூடடிக்கும் தூசியிலோ வைக்கோல் எரிக்கும் புகையிலோ கூடுகிறதா, குடும்பத்தில் யாருக்கும் தொய்வு உண்டா என்று பாருங்கள். கிளினிக்கில் இவற்றைச் சொல்லி, “இது ஆஸ்துமாவா?” என்று நேரடியாகக் கேளுங்கள்.

சல்பியூட்டமோல் என்னும் மருந்து அந்தத் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். அதை வாயால் உள்ளிழுக்கும் பம்பில் தந்தால், ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் குழாய்) வைத்துப் பிடிக்கும் முறையைத் தாதியிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பம்ப் பழகிவிடும் என்ற பேச்சை நம்பி மருந்தை நிறுத்திய பிள்ளைகள் மூச்சுத் திணறி வருவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

பேச முடியாமல் திணறினால், விலாவிடை உள்ளே இழுபட்டால், உதடு நீலமானால், சத்தம் குறைந்தும் பிள்ளை சோர்ந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். சத்தம் அடங்கியது சுகமானதால் என்று எண்ணிவிடாதீர்கள்; காற்றே போகாவிட்டால் சத்தமும் வராது.