மூன்றிலும் நாற்பதுக்கு மேல், ஆனாலும் தேறவில்லை

கேள்வி: சி.ஏ. இன்டர் முதல் குரூப்பில் 46, 44, 47 வாங்கினேன். ஆன்லைன் வகுப்பு முழுவதையும் இரண்டு தடவை பார்த்தேன். கலர் கலராக அடிக்கோடிட்டுக் குறிப்பும் எடுத்தேன். படிக்கும்போது எல்லாம் தெரிகிறது, தேர்வில் கை ஓடவில்லை. முறையை மாற்றவா, இன்னும் அதிக நேரம் படிக்கவா?
– வாசகி, விருதுநகர்

பதில்: முறையைத்தான் மாற்ற வேண்டும் அம்மா. பேப்பருக்கு 40 தாண்டிவிட்டீர்கள். ஆனால் குரூப்புக்கு மொத்தம் 150 வேண்டும், 137-தான் வந்திருக்கிறது. இதே முதல் குரூப்பை நானும் இரண்டு முறை விட்டவள், அந்த வலி தெரியும்.

மூன்றாவது முறைக்குப் படிக்கையில் ஒருநாள் சரக்கு மதிப்பீட்டுக் கணக்கு ஒன்றைப் புத்தகத்தை மூடிவைத்துப் போட்டேன். கச்சாப் பொருளின் விலை இறங்கியிருந்தது. சட்டென்று இறங்கிய விலையையே எடுத்துவிட்டேன். விடையைப் பார்த்தால் தப்பு. அதை வைத்துச் செய்யும் பொருள் அடக்க விலைக்குக் குறையாமல் விற்குமென்றால் கச்சாப் பொருளின் மதிப்பைக் குறைக்கக் கூடாது என்கிறது சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் விதி ஏ.எஸ். 2. அந்த வரியின் கீழே நான் போட்ட மஞ்சள் கோடு அப்படியே இருக்கிறது! கண்ணுக்குப் பழகியிருந்தது, கைக்கு வரவில்லை.

அன்றே ஒரு தப்பு நோட்டு போட்டேன். 'கச்சாப் பொருள் விலை இறங்கியதா? செய்த பொருள் என்ன விலைக்குப் போகிறது, பார்!' இதுதான் அதன் முதல் வரி. தேர்வுக்கு முந்தின நாள் நான் புரட்டியது அந்த நோட்டை மட்டும்தான்.

நீங்களும் வீடியோவை மூன்றாவது தடவை பார்க்க வேண்டாம். ஒரு பகுதி முடிந்த அன்றே சி.ஏ. இன்ஸ்டிட்யூட் வெளியிடும் பயிற்சி வினாத்தொகுப்பான ஆர்.டி.பி.யிலிருந்து இரண்டு கணக்கைப் பார்க்காமல் போடுங்கள். தப்பானதை நான்கு நாள் கழித்து மறுபடியும் போடுங்கள். சட்டப் பேப்பருக்கு வாயால் சொல்லிப் பார்ப்பது உதவாது. சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் உள்ள விவரத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்று முழு வாக்கியமாக எழுதி, இன்ஸ்டிட்யூட்டே தரும் மாதிரி விடையான சஜஸ்டட் ஆன்ஸரோடு ஒப்பிடுங்கள். எனக்கு முடிவு சரியாக வரும், காரணத்தில் பாதி விட்டுப்போயிருக்கும். பேப்பரில் நூற்றுக்கு 70 மதிப்பெண் விரித்து எழுதும் விடைக்குத்தான்.

அப்புறம், கடைசி இரண்டு மாதம் ஞாயிறுதோறும் ஒரு முழு மாதிரித் தேர்வு. காலையில் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு உட்காருங்கள், 5 மணிக்குப் பேனாவை வைத்துவிடுங்கள். அங்கேயும் அந்த நேரம்தான்.