டிசம்பரில் ஊட்னடாட்டா வேண்டாம்

வணக்கம் பினாங்கு நண்பரே. டிசம்பர் பள்ளி விடுமுறையில், பிள்ளைகளோடு, வாடகை செடான் காரில் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடம் என்ற மண்சாலையில் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தத் தடத்தில் உள்ள ஊட்னடாட்டா, 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவான ஊர். ஜூன், ஜூலையில் போங்கள். பகல் இதமாக இருக்கும், இரவு கேமரன் மலையைவிடக் குளிரும்.

மாரி என்ற ஊரிலிருந்து மார்லா என்ற ஊர் வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்சாலை. நடுவில் எண்ணெய் ஊற்ற வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா இரண்டே இடம்தான், ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஒன்று. நான்கு சக்கர இயக்க (4WD) வண்டியே எடுங்கள். ஒப்பந்தத்தில் மண்சாலைக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் காப்புறுதி கைகொடுக்காது. மழை பெய்தால் தடத்தை மூடிவிடுவார்கள், அதனால் இரண்டு நாள் கூடுதலாக வையுங்கள். அப்புறம், வண்டி நின்றுபோனால் அதைவிட்டு யாரும் நடக்கக் கூடாது. பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.