பௌத்தத்தில் சாதி இல்லை என்பது உண்மையா, வெறும் பேச்சா?

மதம் மாற நினைத்து, வீட்டில் யாரோ தடுத்ததால் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே வாதம் நடந்தது.

புத்தர் சொன்னதில் சாதி இல்லை. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில் அஸ்ஸலாயனன் என்ற பிராமண இளைஞன், தன் குலமே உயர்ந்தது என்று வாதாட வருகிறான். சந்தனக் கட்டையில் கடைந்த தீக்கும், நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியின் கட்டையிலோ ஆமணக்குக் கட்டையிலோ கடைந்த தீக்கும் சுடரில், ஒளியில் வேறுபாடு உண்டா என்று புத்தர் அவனைக் கேட்கிறார்.

இதை நான் முதலில் படித்துக் காட்டியது அம்மாவுக்கு. அவர் பள்ளிக்கூடமே போகாதவர். ஊர்த்தெருவில் ஒரு வீட்டுக்கு நெல் அவித்துக் கொடுப்பார். அடுப்புக்குக் காய்ந்த ஆமணக்குத் தட்டையைக் கட்டிச் சுமந்து போவதும் அவர்தான். அவர் மூட்டிய தீயில் வெந்த நெல் அந்த வீட்டாருக்குச் சோறாகும். அவருக்குத் தாகம் எடுத்தால் மட்டும் வாசலில் நின்று கைகளைக் குவிக்க வேண்டும். உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவார்கள். நான் படித்து முடித்ததும், “ஆமணக்கு என்றா சொல்லியிருக்கிறார்?” என்று கேட்டார். அன்று இரவு மூன்று முறை படிக்கச் சொன்னார்.

உடனே இலங்கையைக் காட்டச் சிலர் வருவார்கள். தெரியும். 1753இல் அங்கே தொடங்கிய சியாம் நிகாயம் என்ற துறவிகள் பிரிவில், பின்னர் உயர்சாதியாகக் கருதப்பட்ட கொவிகம சாதியினருக்கு மட்டுமே உபசம்பதை, அதாவது முழுத் துறவு, என்றானது. மறுக்கப்பட்டவர்கள் பர்மா வரை போய்த் துறவு பெற்று வந்து அமரபுர நிகாயம் என்ற தனிப் பிரிவை அமைத்தார்கள். அடிமைகளைத் துறவிகளின் சங்கத்தில் சேர்க்கக் கூடாது என்று, துறவிகளுக்கான விதிநூலான வினயத்திலேயே விதி உண்டு. இவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் நாவிதரான உபாலிக்கு முதலில் துறவு கொடுத்து, சாக்கிய இளவரசர்கள் அவரை வணங்கியதும் அதே வினயத்தில்தான் இருக்கிறது.

“நமக்கு எதற்கு வடநாட்டு மதம்?” என்றார் சித்தப்பா. தமிழரான அயோத்திதாசப் பண்டிதர் 1898இலேயே கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். நாக்பூரில் அம்பேத்கர் பௌத்த தீட்சை பெறுவதற்கு 58 ஆண்டுகள் முன்பே என்று சொன்னேன். சித்தப்பா அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். மகனின் சாதிச் சான்றிதழுக்குப் போனபோது, “பௌத்தம் என்றால் எஸ்சி கிடையாது, இந்து என்று எழுதிக் கொண்டு வாருங்கள்” என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருமுறையல்ல, நான்கு முறை. பட்டியல் சாதிகள் எவை என்று சொல்லும் 1950ஆம் ஆண்டு ஆணையை 1990இல் திருத்திப் பௌத்தர்களையும் பட்டியல் சாதியில் சேர்த்தாயிற்று. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், அதைச் சான்றிதழ் கேட்டுப் போனவன்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு நாள் கூலியை இழந்தேன்.

நீங்கள் தீட்சை பெற்றால் அந்தத் திருத்தச் சட்டத்தின் நகல் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஐந்தாம் முறை அதைக் காட்டிய பிறகுதான் என் விண்ணப்பத்தை வாங்கினார்கள்.