வயோலா டேவிஸ்: மேடை வளர்த்த நடிகை (கேள்வி பதில்)

கேள்வி: வயோலா டேவிஸ் நாற்பது வயதைக் கடந்த பிறகே புகழ்பெற்றார் என்கிறார்கள். அதுவரை அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையா?

பதில்: திரைப்பட ரசிகர்களின் கணக்கில் மட்டுமே அவர் தாமதமாக வந்தவர். 1965-இல் தென் கரோலினாவில் பிறந்து, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் சென்ட்ரல் ஃபால்ஸ் நகரில் கொடிய வறுமையில் வளர்ந்த அவர், அம்மாநில அரசுக் கல்லூரியில் நாடகம் பயின்று, பின்னர் நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப்பள்ளியில் நான்காண்டுப் பயிற்சியை 1993-இல் முடித்தார். 1996-இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ‘செவன் கிட்டார்ஸ்’ நாடகத்துக்காக, மேடை நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 2001-இல் ‘கிங் ஹெட்லி தி செகண்ட்’ நாடகத்தில், தன் பிள்ளை தெருவில் சுடப்பட்டுச் சாவதைப் பார்ப்பதைவிடப் பெறாமலிருப்பதே மேல் என்று வாதிடும் டோன்யாவாக நடித்து அந்த விருதைப் பெற்றார். அதே ஆண்டுகளில் திரைப்படங்களில் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துபோகும் செவிலியர், காவலர், வழக்குரைஞர் வேடங்களே. திறமை முதிர்ந்திருந்தது, கறுப்பினப் பெண்ணை மையமாக வைத்து எழுதப்பட்ட திரைக்கதைகள்தாம் இல்லை.

கேள்வி: நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நாடகங்களும் ஆகஸ்ட் வில்சன் எழுதியவை அல்லவா? அவருக்கும் வயோலாவுக்கும் உள்ள தொடர்பைச் சற்று விளக்க முடியுமா?

பதில்: அவரது நடிப்பைப் புரிந்துகொள்ள நான் முதலில் காட்டும் இடம் இதுதான். வில்சன் இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள் எழுதினார். ஒன்றைத் தவிர மற்றவை பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் நிகழ்பவை. குப்பை அள்ளுவோர், வாடகை வண்டி ஓட்டுவோர், இசைக் கலைஞர்கள் ஆகியோரின் அன்றாடப் பேச்சு அங்கே பல பக்க நீளத் தனிமொழியாக விரியும். அதைப் பேசும் நடிகர் மூச்சையும் தாளத்தையும் அறியாவிட்டால் பாதி வழியிலேயே சொற்கள் சரிந்துவிடும். ஜூலியார்டில் கற்பிக்கப்பட்டது பெரிதும் ஐரோப்பிய மரபு சார்ந்ததாக இருந்ததால் தன் உடலும் குரலும் அங்கே அடைபட்டதாக உணர்ந்ததைப் பின்னாளில் வயோலா எழுதியிருக்கிறார். வில்சனின் பெண் பாத்திரங்களில் அந்தப் பயிற்சியும் அவர் பிறந்து வளர்ந்த உலகின் பேச்சும் ஒன்றுசேர்ந்தன என்பது என் கருத்து.

கேள்வி: ‘டவுட்’ படத்தில் அவர் வருவது ஒரே ஒரு முக்கியக் காட்சியில். அதற்கா ஆஸ்கர் பரிந்துரை?

பதில்: ஆம், 2008-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் பத்து நிமிடங்களுக்கும் குறைவாகவே தோன்றுகிறார். கதை 1964-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நடக்கிறது. பாதிரியார் உங்கள் மகனிடம் தவறாக நடந்திருக்கக்கூடும் என்று தலைமையாசிரியையான கன்னியாஸ்திரீ சொல்ல, ஜூன் வரை அவன் அங்கே படித்து முடித்துவிட்டால் போதும் என்று அந்தத் தாய் பதிலளிக்கிறார். கேட்பவரை உலுக்கும் பதில் அது. வீட்டில் அடிக்கும் தந்தை, மற்ற பள்ளியில் கொல்லத் துணியும் சிறுவர்கள், இவற்றுக்கு நடுவே தன் மகனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழியைக் கணக்கிடும் தாயாக வயோலா நடிக்கிறார். மெரில் ஸ்ட்ரீப் எதிரே இருந்தும் காட்சியின் பிடி அவர் கையைவிட்டு நழுவுவதில்லை. அவர் அழுகிறார், ஆனால் அழுகையால் வாதத்தை வெல்ல முயல்வதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதே அவருக்கு முக்கியம். இதே வேடத்தை மேடையில் ஏற்ற ஏட்ரியன் லெனாக்ஸ் 2005-இல் டோனி விருது பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ‘ஃபென்சஸ்’ நாடகத்துக்கு முதன்மை நடிகை விருதும், அதே வேடத்தில் நடித்த படத்துக்குத் துணை நடிகை விருதும் கிடைத்தது எப்படி?

பதில்: இதுவும் வில்சன் எழுதிய நாடகம். 2010-இல் டென்சல் வாஷிங்டனுடன் பிராட்வேயில் அவரது மனைவி ரோஸாக நடித்தபோது டோனி விருதில் முதன்மை நடிகையாகக் கருதப்பட்டார். 2016-இல் வாஷிங்டன் இயக்கிய படத்துக்கு, துணை நடிகைப் பிரிவில் போட்டியிட்டு ஆஸ்கர் வென்றார். எந்தப் பிரிவில் போட்டியிடுவது என்பது விருதுப் பிரசார உத்தியைப் பொறுத்தது, வேடம் மாறவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்றுவிட்டதாகக் கணவன் புலம்பும்போது, நானும் அதே இடத்தில் உன்னோடுதானே நின்றேன் என்று ரோஸ் வெடிக்கும் காட்சியில், மூக்கிலிருந்து நீர் வடிவதைக்கூடத் துடைக்காமல் அவர் பேசுவது பலருக்கு நினைவிருக்கும். பதின்மூன்று வாரங்கள் மேடையில் பேசிப் பழகிய சொற்கள், கேமரா முன் அப்போதுதான் பிறந்தவைபோல் ஒலிக்கின்றன.

கேள்வி: ‘தி ஹெல்ப்’ படத்தில் நடித்ததற்கு அவரே வருந்தினாராமே?

பதில்: சக நடிகர்களைக் குறித்து அவருக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டுப் பணிப்பெண்களின் குரல் இறுதியில் கேட்கப்படவில்லை என்பதே 2018-இல் அவர் சொன்ன வருத்தம். அது நியாயமானது என்றே கருதுகிறேன். கதையை நகர்த்துவது வெள்ளை எழுத்தாளினியின் ஆர்வமாகவே இருக்கிறது.

கேள்வி: தொலைக்காட்சியில் அவர் செய்ததில் குறிப்பிடத்தக்கது எது?

பதில்: 2014 முதல் 2020 வரை ஒளிபரப்பான ‘ஹவ் டு கெட் அவே வித் மர்டர்’ தொடர். 2015-இல் நாடகத் தொடர்களுக்கான முதன்மை நடிகைப் பிரிவில், தொலைக்காட்சிக்கான எம்மி விருதை வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. முதல் பருவத்தில், படுக்கைக்குச் செல்லுமுன் கண்ணாடி முன் அமர்ந்து பொய்முடியையும் ஒப்பனையையும் களையும் காட்சி பெரிதும் பேசப்பட்டது. சிறுமியாக இருந்தபோது எந்த நடிகையைத் தொலைக்காட்சியில் பார்த்து நடிப்புக்கு வர முடிவெடுத்தாரோ, அந்த சிசிலி டைசனே இத்தொடரில் அவருக்குத் தாயாக நடித்தார்.

கேள்வி: எம்மி, கிராமி, ஆஸ்கர், டோனி ஆகிய நான்கு பெரிய விருதுகளையும் பெற்றவர் என்பது உண்மையா?

பதில்: உண்மை. தன் வாழ்க்கை வரலாற்று நூலைத் தானே வாசித்த ஒலிப்பதிவுக்காக 2023-இல் கிராமி பெற்றபோது அந்த வரிசை நிறைவடைந்தது.

கேள்வி: இதுவரை அவர் படம் எதையும் பார்த்ததில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: ‘டவுட்’ முதலில், பிறகு ‘ஃபென்சஸ்’. மூன்றாவதாக 2020-இல் வந்த ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ படத்தைப் பாருங்கள். அதுவும் வில்சனின் நாடகமே. தங்கப் பற்களும் வியர்வையில் கலைந்த ஒப்பனையுமாக, குளிர்பானம் வந்தால்தான் பாடுவேன் என்று ஒலிப்பதிவுக்கூடத்தையே காத்திருக்க வைக்கும் பாடகி மா ரெய்னியாக வயோலா நடிக்கிறார்; அவரிடம், முதல் இரண்டு படங்களிலும் பொறுத்துப்போன பெண்களின் சாயல் சிறிதும் இராது.