நீர்த்தாங்கி கட்ட ஆசைப்படும் மகள் என்ன படிக்கலாம்?

வணக்கம் அம்மா. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் மகள், உயரமான தண்ணீர்த் தாங்கிகளை வடிவமைக்க ஆசைப்படுகிறாள், அப்படியொரு வேலை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. தனிப் பட்டம்தான் கிடையாது; சிவில் எஞ்சினியரிங் படித்துத்தான் அதற்குள் போக வேண்டும்.

ஆசை சின்னதில்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. 500 கன மீட்டர் தாங்கியென்றால் 500 தொன் தண்ணீரைத் தூண்கள் சுமக்கின்றன, கொங்கிறீட்டின் பாரம் வேறு. வெடிப்பு 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி கம்பியைக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கசியும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். இவ்வளவு உயரம் எதற்கு? 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் (bar என்ற அலகு) அழுத்தம் கிடைக்கும். யாழ்ப்பாணம் போன்ற சமதரையில் அந்த உயரத்தைத் தூண் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மலையகத்தில் இருக்கும் நமக்கு மலையே அதைத் தருகிறது. அதனால் இங்கே தாங்கியை மேட்டு நிலத்திலேயே வைக்கலாம். கீழே உள்ள லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) போகும் குழாய் அழுத்தத்தால் வெடிக்காமலிருக்க, இடையில் அழுத்தம் குறைக்கும் தொட்டி கட்டுவார்கள்.

ஆனால் நம் சரிவுகளில் மண் நகரும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தவில் நடந்த மண்சரிவை யார் மறப்பார்கள்? இவ்வளவு பாரத்தை ஒரு சரிவில் ஏற்றலாமா என்று மண்ணைச் சோதித்துச் சொல்லக்கூடிய எஞ்சினியர்கள் நம் பிள்ளைகளிலிருந்தே வரவேண்டும் என்பது என் பெரிய ஆசை. மகள் கட்டமைப்புப் பாடத்தோடு மண் பொறியியலையும் விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம் உட்படப் பல பல்கலைக்கழகங்களில் சிவில் எஞ்சினியரிங் நான்கு வருடப் பட்டம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாவிட்டால் மனம் உடைய வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவிலும் சிவில் பிரிவு உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள், கவனித்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளை சாரத்தில் ஏறி நிற்பதா என்ற உங்கள் பயம் புரிகிறது. வடிவமைப்பு வேலையில் பெரும்பகுதி அலுவலகத்தில்தான். ஆனாலும் கட்டுமிடத்துக்கு அவள் போகத்தான் வேண்டும். கம்பி கட்டுவதையும் பலகை அடிப்பதையும் கண்ணால் பார்க்காமல் நல்ல வரைபடம் வராது. தலைக்கவசமும் பாதுகாப்புப் பட்டியும் போட்டுப் போகட்டும், தடுக்காதீர்கள்.

இன்னொன்று: பொறியியல் பீடத்தில் விரிவுரை ஆங்கிலத்தில்தான் நடக்கும். அப்புறம் பார்க்கலாம் என்று விடாமல், பௌதிகவியல் பாடத்தை இப்போதிருந்தே ஆங்கிலப் புத்தகத்திலும் ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.